பெறுபவர் முத்தலிபு

கற்பிட்டி
2013 ஜனவரி 20

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாக் குளிர் உங்கள் நெஞ்சைப் பிடிக்காமல் இருக்க தினமும் துஆச் செய்கிறேன். இங்கே நானும் மகள் அப்ராவும் இருக்கிறோம். அவள் இரண்டாம் வகுப்புக்கு ஏறிவிட்டாள். முன்பல் விழுந்த வாயோடு உங்களுக்கு ஸலாம் சொல்கிறாள்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. போனும் அன்றைக்கே கிணற்றுக்குள் போய்விட்டது. கொஞ்சக் காலம் கடிதம்தான். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கு, சபூரா டீச்சரின் பெயருக்குப் போடுங்கள். நம் வீட்டுப் பக்கம் தபால்காரர் ஒழுங்காக வருவதில்லை.

போன பெருநாளைக்கு எனக்கு ஒரு கம்பியூட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னீர்களே, அதை இப்போது கேட்கிறேன். என்னோடு தட்டச்சு வகுப்பில் படித்த உடப்பு மயூரதி முந்தலில் கடை போட்டிருக்கிறாள். கலியாணக் கார்ட், பரீட்சைத் தாள் என்று வேலை குவிகிறதாம். சொந்தக் கம்பியூட்டரோடு வந்தால் பாதி வேலை எனக்கு, கடைக்குப் பின்னால் ஓர் அறையும் இருக்கிறது என்கிறாள். ஆகவே என் பெயருக்கு, அவளுடைய கடை விலாசத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வந்தால் உடைந்துவிடும். மச்சானிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள் தங்கச்சி,
கமறியா


தோஹா
2013 பெப்ரவரி 9

அன்புத் தங்கச்சி கமறியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கை எப்படி? கிணற்றடிப் பாசியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொல்லி மச்சானிடம் சொல். நான் சுகம். நெஞ்சும் சுகம். கெட்டுப்போனது என் புத்தி மட்டும்தான். அதற்குக் காரணம் அட்லோன் கம்பியூட்டர் கொம்பனியின் வெப்சைட்.

தங்கச்சி, அதைச் செய்தவன் கையில் கிடைத்தால் விரல் விரலாக முறிப்பேன். திறந்ததும் மேலே ஒரு வரி ஊர்ந்து போகிறது: 2007 புத்தாண்டு வாழ்த்துகள். கூடையில் சாமானைப் போட்டு விலாசம் எழுதி முடித்தால் கூடை வெறுமை. மாவட்டப் பட்டியலில் நம் புத்தளமே இல்லை. நம்மை ஒரேயடியாகக் கடலில் தள்ளிவிட்டான்கள். குருநாகல் என்று போட்டு ஏமாற்றப் பார்த்தேன். அப்போதுதான் பெரிய வேடிக்கை நடந்தது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மச்சானின் கருவாட்டுக் கடைக்கு இதே கொம்பனியில் ஒரு கம்பியூட்டர் எடுத்து அனுப்பினேன் அல்லவா, அந்தக் கணக்கை இந்தப் பேய் இன்னும் மறக்கவில்லை. விலாசத்தை மாற்றலாம். பெயரையும் போன் நம்பரையும் மாற்ற விடுகிறதில்லை. எத்தனை தரம் கமறியா என்று எழுதினாலும் கடைசிப் பக்கத்தில் "பெறுபவர்: முத்தலிபு" என்று வந்து நிற்கிறது.

கலியாணம் முடித்த தங்கச்சிக்கு எதை அனுப்பினாலும் மச்சானின் பெயரில், மச்சானின் கையால் போவதுதான் நம் முறை. அது இந்த வெப்சைட்டுக்கும் தெரிந்திருக்கிறது பார். அவர் பெயரிலேயே வரட்டுமா? சாமான் உனக்குத்தானே.

உன் நானா,
முஸம்மில்


கற்பிட்டி
2013 மார்ச் 1

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை டீச்சர்மார் அறையில் வைத்து வாசித்தேன். விரல் விரலாக முறிக்கும் இடத்தில் சபூரா டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. காற்றுக் காலம் மாறுவதால் அப்ராவுக்கு இருமல். வேறொன்றுமில்லை.

நானா, அவர் பெயரில் வேண்டாம். முறையெல்லாம் எனக்கும் தெரியும். இந்த ஒரு தரம் முறையை விடுங்கள். புதுக் கணக்கு ஒன்று திறக்க முடியாதா?

இங்கே ஒரு புதினம். போன வியாழன் கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்யும் பேதுரு, மீனை வெயிலில் புரட்டப் பிந்திவிட்டான் என்று மச்சான் அவனைத் துடுப்பால் வாயில் அடித்துவிட்டார். பேதுரு இரண்டு பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு நம் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டான். நான் செம்பைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று பிறகு ஒரு கதை நடந்தது. அதை விடுங்கள். மச்சான் கோபக்காரர் என்பது உங்களுக்கும் தெரியும்தானே.

நோன்புக்கு முன்னால் கம்பியூட்டர் முந்தலுக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் அப்ராவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் இருக்க நினைத்திருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கமறியா


தோஹா
2013 மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். இருமலுக்குக் கற்பூரவள்ளி கொடு. நான் இங்கே நல்ல சுகம். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடாவிட்டால் இன்னும் சுகமாக இருப்பேன்.

பேதுருவின் கதையைக் கேட்டேன். கடல் தொழில் செய்கிற ஆம்பிளைக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் பல்லை உடைத்தது பாவம். நீ குறுக்கே போகாதே. ஆறிய பிறகு மச்சான் தங்கமானவர்.

புதுக் கணக்குத் திறந்தேன். திறந்ததும் கார்ட் நம்பர் கேட்டது, கொடுத்தேன், "இந்தக் கார்ட் வேறு ஒருவருக்குச் சொந்தமானது" என்று எழுதி என்னை வெளியே தள்ளிவிட்டது. என்னுடைய கார்ட், தங்கச்சி. நான் வெயிலில் நின்று உழைத்த காசு. நான் வேலை செய்கிற ஸ்டோரில் எல்லோர் முன்னாலும் கம்பியூட்டரின் மண்டையில் ஒரு குத்து விட்டேன். திரை கோணலாகிவிட்டது. சூப்பவைசர் எகிப்துக்காரன், அரபியில் என் வம்சத்தையே ஏசினான். நான் தமிழில் திருப்பிக் கொடுத்தேன்.

கொம்பனியின் கொழும்பு ஒபிசுக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாறி மாறிக் கதைத்தது. பெயர் மாற்ற வேண்டுமென்றால் அடையாள அட்டைப் பிரதியோடு கடிதம் எழுதி பெக்ஸ் பண்ண வேண்டுமாம், பிறகு பொறுத்திருக்க வேண்டுமாம். இந்தக் காலத்தில் யாரிடம் பெக்ஸ் இருக்கிறது? அந்த மெஷினைத் தூக்கி அந்த மனேஜரின் தலையில் போட வேண்டும் போல இருந்தது. உன் அடையாள அட்டைப் பிரதியை அனுப்பிவை.

நானா


கற்பிட்டி
2013 ஏப்ரல் 27

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். கொஞ்சம் படுக்கையில் இருந்தேன். இப்போது எழும்பி நடக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டை என்னிடம் இல்லை. மச்சானிடம் இருக்கிறது. கேட்க முடியாது.

ஆகவே விட்டுவிடுங்கள். என் பெயரில் அனுப்ப வழி இல்லையென்றால் எனக்குக் கம்பியூட்டரே வேண்டாம். மயூரதி வேறு ஏதாவது யோசிப்பதாகச் சொல்கிறாள். தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள். மச்சானின் போனுக்கு ஒரு செய்தியும் வரக் கூடாது. இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

அப்ராவின் இருமல் போய்விட்டது. அவள் இப்போது அதிகம் கதைப்பதில்லை.

கமறியா


தோஹா
2013 மே 3

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். உன் பதிலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. சுகமில்லையா, அல்லது தபால்காரனுக்குச் சுகமில்லையா?

இனிப் பொறுக்க முடியாது என்று நானே முடித்துவிட்டேன். கம்பியூட்டர் வாங்கியாயிற்று. இன்று ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தவன், கூடையைக் கழுத்தைப் பிடித்து அமுக்குவதுபோல் அமுக்கி, கடைசிப் பக்கம் வரை போனேன். விலாசம் மயூரதியின் கடை, முந்தல். பெயரும் போன் நம்பரும் மச்சானுடையவை. மாற்ற முடியாத பேயோடு எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவது? பெட்டி புறப்படும்போது மச்சானுக்கு ஒரு செய்தி போகும், எங்கே எப்போது வருகிறது என்று.

உண்மையைச் சொன்னால் எனக்கு அதுவே திருப்தி. மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருடைய பெண்சாதிக்குச் சாமான் அனுப்பினால் நாளைக்கு ஜமாஅத்தில் என்ன கதைப்பார்கள்? நீ வாயாலே சொல்லப் பயப்படுகிறாய், செய்தி சொல்லிவிடும். கொஞ்சம் ஏசுவார். பிறகு அவரே வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுப்பார், பார்.

உன் நானா


முந்தல்
2013 மே 25

முஸம்மில் அண்ணாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குப் பெயரளவில் தெரியும். மயூரதி. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, குறை நினைக்க வேண்டாம்.

கமறியா புத்தளம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உயிருக்குப் பயமில்லை என்று சொல்கிறார்கள். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்திருக்கிறது. மூன்று விரல்கள் நசுங்கியிருக்கின்றன. விலா எலும்பிலும் வெடிப்பு. பிள்ளை என்னோடு உடப்பில் இருக்கிறது.

உங்கள் செய்தி போன திங்கட்கிழமை அவருடைய போனுக்கு வந்திருக்கிறது. வாடியில் இருந்து நேரே வீட்டுக்குப் போய், முந்தலில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். அவள் பதில் சொல்லுமுன் துடுப்பு விழுந்துவிட்டது. விரல்களை வாசல்படியில் வைத்து மிதித்தது கடைசியில். தட்டச்சு அடிக்கப் போகிறாயா என்று கேட்டுக் கேட்டு மிதித்தாராம். அதைப் பிள்ளை பார்த்திருக்கிறது. பேதுருவும் சபூரா டீச்சரும்தான் அவளை ஓட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் என் கடைக்கு வேன் வந்தது. வேனுக்கு முன்னால் அவர் வந்து நின்றார். பெட்டியில் இருந்த பெயர் அவருடையது என்பதால் டிரைவர் அவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டான். பெட்டியை நடுறோட்டில் போட்டு, இரும்பு அலவாங்கால் குத்தினார். சிலாபம் பஸ் நின்று, ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள். பெட்டி தூளாகும் வரை குத்திவிட்டு, அடுத்தது நீ என்று என்னிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார்.

அண்ணா, அவள் கிணற்றடியில் விழவில்லை. ஏப்ரலில் நோயால் படுக்கவும் இல்லை. ஒருமுறை என்னிடம் வந்தபோது உங்கள் கடிதத்தைக் காட்டினாள். வெப்சைட் செய்தவனை விரல் விரலாக முறிப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கட்டுப்போட்ட கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்று அவள் சொல்கிறாள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

மயூரதி


தோஹா
2013 ஜூன் 10

கமறியாவுக்கு,

ஏப்ரலில் நீ எழுதிய கடிதமும் மயூரதியின் கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. இரண்டு தரம் வாசிக்கச் சொல்லியிருந்தாய். எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

சுகம் கேட்க எனக்கு முகமில்லை.

அவனை வெட்டுவேன். மச்சான் என்று இந்த வாயால் இனிச் சொல்லமாட்டேன். முதலாளி போக அனுமதி தரமாட்டேன் என்கிறான், அவன் காலில் விழுந்தாவது வாங்குவேன். வந்து இறங்கிய அன்றே கற்பிட்டிக் கோட்டைக்கு முன்னால் அவனை இழுத்துப்போட்டு, உன் கையை முறித்த அதே துடுப்பால் அவன் இரண்டு கையையும் முறித்து, பிறகு கழுத்தை முறிப்பேன். ஊர் பார்க்கட்டும்.

சொல் தங்கச்சி. நீ ஓம் என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

முஸம்மில்


உடப்பு
2013 ஜூலை 4

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். இதை நான் சொல்ல மயூரதி எழுதுகிறாள். நான் சொன்னபடியே எழுதுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். மூச்சு விடும்போது மட்டும் வலிக்கிறது. உங்கள் சுகத்துக்கு வழமைபோல் துஆச் செய்கிறேன். கோபத்தில் அதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

கோபம் என்று சொன்னது உங்கள் மேல்தான். இப்போது சொல்லிவிட்டேன்.

நான் ஓம் சொல்லமாட்டேன். பெப்ரவரியிலிருந்து நீங்கள் எழுதியதை நினைத்துப் பாருங்கள். முறிப்பேன், அமுக்குவேன், தலையில் போடுவேன். இப்போது வெட்டுவேன். வாசித்துச் சிரித்தவள்தான் நான். துடுப்பு எடுக்காத ஆளின் வாயிலும் துடுப்புத்தான் இருக்கிறது என்று இப்போது படுகிறது. நீங்கள் அவரைக் கொன்றால் அவர் கபுறில், நீங்கள் மறியலில், எனக்கு யார்? வெட்ட வேண்டாம். நான் கேட்பதைச் செய்யுங்கள்.

நீங்கள் முன்பு அனுப்பிய கம்பியூட்டர் கருவாட்டுக் கடையில் இருக்கிறது என்றுதானே நினைத்திருந்தீர்கள். அது வந்த வருடமே உடைந்தது. முதலில் என் தோளில் பட்டது, பிறகு சுவரில். அப்போதே சொல்லியிருக்கலாம். கலியாணத்தில் உங்கள் முகம் எவ்வளவு மலர்ந்திருந்தது என்று நினைத்துச் சொல்லவில்லை.

வழக்குப் போட்டாயிற்று. அவர் கோட்டுக்கு வரவில்லை, பிடியாணை போட்டிருக்கிறார்கள். உச்சமுனையில் ஏதோ ஒரு வாடியில் இருக்கிறார். பொலிஸ் படகு புறப்படுவதைக் கண்டாலே களப்புக்குள் மறைந்துவிடுகிறார். தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை. அவர் இப்படி ஒளிந்திருக்கும்வரை நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடியாது.

ஆனால் உங்கள் வெப்சைட் அனுப்பும் செய்தி அவருக்குப் போகும். தன் பெயரில் வந்த சாமானை இன்னொருவர் தொட அவர் விடமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். ஆகவே இன்னொரு தரம் வாங்குங்கள். அதே பெயர், அதே போன் நம்பர், அதே மயூரதியின் கடை. என்ன கிழமை வரும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். பொலிஸில் ஒரு சிங்களப் பெண் சார்ஜன்ட் இருக்கிறார், நோனா என்றுதான் கூப்பிடுகிறோம். அவரிடம் எல்லாம் கதைத்துவிட்டோம்.

கமறியா சொல்ல, மயூரதி


தோஹா
2013 ஆகஸ்ட் 20

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். பெருநாள் வாழ்த்தைப் பிந்திச் சொல்கிறேன். விலா வலி குறைந்ததா? விரல்கள் மடங்குகின்றனவா? அப்ரா கதைக்கிறாளா? நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை.

நீ சொன்னது சரி. அதற்கு மேல் எழுதினால் என்னை நானே நல்லவன் ஆக்குவதுபோல் இருக்கும்.

நேற்று உட்கார்ந்தேன். வெப்சைட்டைத் திறந்தேன். புதிதாக மாற்றியிருக்கிறார்கள். ஊர்ந்து போகும் வாழ்த்து இல்லை. கூடை நிற்கிறது. மாவட்டப் பட்டியலில் புத்தளம் வந்துவிட்டது. எல்லாம் பளபளவென்று ஓடுகிறது. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பெறுபவர் முத்தலிபு என்று இருந்தது. பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான்: மாற்ற விரும்புகிறீர்களா?

இதற்காக எவ்வளவு சண்டை பிடித்தேன். பெப்ரவரியில் இந்தப் பொத்தான் இருந்திருந்தால் உன் கை முழுதாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு, அப்படி இல்லை, பெக்ஸ் அனுப்பும்வரை பொறுக்காதவனும் செய்தி போகட்டும் என்று விட்டவனும் நான்தான் என்று நினைத்தேன். அந்தப் பெயரை அழிக்க விரல் தவித்தது. அழிக்கவில்லை. நீ சொன்னபடியே விட்டுவிட்டு, வாங்கும் பொத்தானை அழுத்தினேன்.

செப்டெம்பர் 12, வியாழக்கிழமை பகல் வருமாம். தங்கச்சி, நீ கடையில் நிற்காதே. இது நான் கேட்பது.

நானா


முந்தல்
2013 செப்டெம்பர் 15

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். இந்த வரியை இந்த வருடத்தில் முதல் தரம் உண்மையாக எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பதும் பொய், தட்டச்சு அடிக்கிறேன். இடது கையாலும் வலது கையின் இரண்டு விரலாலும்.

நான் கடையில்தான் நின்றேன். குறை நினைக்க வேண்டாம். நான் இல்லாவிட்டால் அவர் மயூரதியைத்தான் அடிப்பார்.

அவர் உச்சமுனையில் இருந்து படகு ஏறும்போதே பேதுரு சபூரா டீச்சருக்குச் சொல்லிவிட்டான். ஆனால் அவர் வேனுக்கும் பொலிசுக்கும் முன்னால் வந்துவிட்டார். அலவாங்கும் வந்தது. முதல் குத்தில் கண்ணாடி அலுமாரி போனது. இரண்டாவது குத்துப் போட்டோக்கொப்பி மெஷினுக்கு. மயூரதி கதிரையைத் தூக்கினாள், அதைப் பிடுங்கி அவள் மேலேயே எறிந்தார். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். ஓடியிருப்பேன், பின்னால் சுவர். வார்த்தை மட்டும் வந்தது.

"அடிங்க. இந்தத் தரம் கிணத்தடியில வழுக்கி விழுந்தன்டு சொல்ல மாட்டன்."

அலவாங்கு மேலே போனது போனபடி ஒரு கணம் நின்றது. றோட்டில் கூடி நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் அவரை நிறுத்தியது என்று நினைக்கிறேன். பிறகு இறக்கினார். நான் விலகிவிட்டேன், தோளை உரசிக்கொண்டு சுவரில் இறங்கியது. அதை அவர் திரும்ப இழுக்கும்போது சார்ஜன்ட் நோனாவும் இரண்டு பொலிஸ்காரரும் உள்ளே வந்தார்கள். அவர்களையும் அடித்தார். மூவரும் சேர்ந்து அவரைக் குப்புறப் போட்டு விலங்கு மாட்டியபோது அவருடைய வாயும் மூக்கும் சீமெந்துத் தரையில் தேய்ந்து இரத்தமாக இருந்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பாவமும் வரவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் வேன் வந்தது. டிரைவர் இளம் பெடியன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இங்கே முத்தலிபு யார் என்று கேட்டான். எல்லோரும் தரையைக் காட்டினோம். நான் பெண்சாதி, நான் எடுக்கிறேன் என்றேன். தரமாட்டேன் என்கிறான். பெயருள்ள ஆளின் கையெழுத்து வேண்டுமாம், போன தரமும் அப்படித்தான் கொடுத்ததாம், சட்டமாம். சார்ஜன்ட் நோனா அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஒரு பக்க விலங்கைத் திறந்தார்.

அவர் கையெழுத்துப் போட்டார், நானா. பேனையில் இரத்தம் பட்டது. பெட்டியைத் தூக்கி என்னிடம் தரச் சொன்னார் நோனா. தந்தார்.

நீங்கள் மேயில் எழுதியது அப்படியே நடந்துவிட்டது. நம் முறை ஒன்றும் கெடவில்லை. சாமான் மச்சானின் பெயரில் வந்து, மச்சானின் கையால் எனக்குக் கிடைத்துவிட்டது.

இனி அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்.

உங்கள் தங்கச்சி,
கமறியா